ஏழுக்கும் '7'க்கும் இடையே 48

சி மொழியில் எழுதப்பட்ட நிரல் ஒன்று, கணக்கிட்டுப் பெற்ற 7 என்ற முழு எண்ணை அப்படியே 'புட்சார்' என்னும் அச்சிடும் செயற்கூறிடம் ஒப்படைத்தால், திரையில் 7 தோன்றாது; பல முனையங்களில் மணியோசை போன்ற ஓர் ஒலி மட்டும் எழும். அச்செழுத்துகளுக்கு எண்களை ஒதுக்கி அமெரிக்காவில் 1963இல் வெளியிடப்பட்ட ஆஸ்கி அட்டவணையில், 7 என்பது பழைய தொலையச்சு இயந்திரங்களின் மணியை ஒலிக்கச் செய்யும் கட்டளைக்கு உரிய இடம். பூச்சியத்தின் நிலை இதைவிட வம்பானது. சி மொழியில் மதிப்பு 0 ஒரு சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், முடிவைக் குறிப்பதால், அதை நடுவில் இட்டால் பின்னால் உள்ளவை சத்தமின்றிக் காணாமற்போகும்.

கண்ணுக்குத் தெரியும் எண்ணுருக்கள் '0' முதல் '9' வரை அந்த அட்டவணையில் 48 முதல் 57 வரையிலான இடங்களில் வரிசையாக அமைந்துள்ளன. இந்த வரிசை திட்டமிட்டு அமைக்கப்பட்டது: 48ஐ இரும எண்ணாக எழுதினால் 0011 0000 என்றும், '7'இன் குறியெண்ணான 55ஐ எழுதினால் 0011 0111 என்றும் வருவதால், கடைசி நான்கு இலக்கங்களே எண்ணின் மதிப்பைக் காட்டிவிடுகின்றன. எனவே ஓரிலக்க எண்ணை எழுத்தாக்குவதற்கு '0' + 7 என்ற ஒரு கூட்டலே போதும். '7' - '0' என்று கழித்தால் மதிப்பு திரும்பக் கிடைத்துவிடும்.

இங்கே '0' என்பதற்குப் பதிலாக 48 என்றே எழுதிவிடுவோர் உண்டு. அது நல்ல பழக்கமன்று. ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணினிகள் பயன்படுத்திய எப்சிடிக் அட்டவணையில் எண்ணுருக்கள் 240 முதல் 249 வரை இருப்பதால் அங்கே 48 பிழையான விடையையே தரும், '0' மட்டும் பொய்க்காது. பத்து எண்ணுருக்களும் இடைவெளியின்றி ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்று சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரநிலையே உறுதி அளிக்கிறது. ஆங்கில எழுத்துகளுக்கு அந்த உறுதி இல்லை. எப்சிடிக்கில் 'ஐ' 201இலும் அடுத்த எழுத்தான 'ஜே' 209இலும் இருக்கின்றன. ஜாவா மொழியிலோ கூட்டலின் விடை முழு எண்ணாகவே கருதப்படுவதால், எழுத்து வகைக்கு மாற்றும்படி வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் '7'க்குப் பதில் 55 அச்சாகும்.

இந்த உத்தி 9ஐத் தாண்டினால் தடம் புரள்கிறது. 48உடன் 10ஐக் கூட்டினால் வருவது முக்காற்புள்ளி. பத்தையும் அதற்கு மேலுள்ள எண்களையும் பத்தால் திரும்பத் திரும்ப வகுத்து, மீதிகளை ஒவ்வொன்றாக எழுத்தாக்கி, கடைசியில் வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியுள்ளது.

தமிழ் எண்ணுருக்களுக்கும் இதே கூட்டல் பொருந்தும். ஒருங்குறியில் தமிழ்ப் பூச்சியம் 3046ஆம் இடத்தில் இருப்பதால், அதனுடன் 7ஐக் கூட்டினால் ௭ கிடைக்கும். 10ஐக் கூட்டினாலும் ௰ என்னும் பத்தின் குறியே வருவது வேடிக்கையான தற்செயல். 11ஐக் கூட்டினால் வருவதோ ௱, அதாவது நூறு.