ஒலி அளந்து சொல்லும் உண்மை

ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள் பலர் வெளியே சொல்லக் கூசும் தொல்லை ஒன்றுண்டு. இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகின்றனர். கழித்த பின்னும் நிறைவு ஏற்படுவதில்லை. மனைவி மக்களிடம் கூறாத இக்குறையை, இல்லம் சந்திக்கச் செல்லும் நம்மிடம் தாழ்ந்த குரலில் கூறும் தந்தையர் உண்டு.

இதற்குப் பெரும்பாலும் காரணமாவது புராஸ்டேட் சுரப்பி. சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்த இது, இயல்பில் சிறிய எலுமிச்சங்காயை ஒத்தது. 20 முதல் 25 கன சென்டிமீட்டர் அளவினது. வயது ஏற ஏறப் பருத்துக் குழாயை நெருக்குகிறது. இப்பருமன் புற்றுநோய் அன்று.

முன்னாளில் மருத்துவர் ஆசனவாய் வழியே விரலால் தொட்டே இதன் அளவை ஊகித்தார். கடினமான கட்டிகளை அறிய இன்றும் அம்முறை உதவுகிறது. ஆயினும் அளவைத் திட்டமாகக் கூற அது போதாது. ஜப்பானிய மருத்துவர் ஹிரோக்கி வத்தனபே, நோயாளி அமரும் நாற்காலியிலேயே ஒலிக்கருவியைப் பொருத்தி இச்சுரப்பியைப் படமெடுத்தார். செவிக்கு எட்டாத ஒலியலைகள் உள்ளே சென்று எதிரொலித்துத் திரும்புகின்றன, அவையே படமாகின்றன. இன்று அடிவயிற்றின் மேலிருந்தும் இச்சோதனை செய்யப்படுகிறது.

படத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி, வரும் தொகையை 0.52 ஆல் பெருக்குவர். 5, 4, 4 சென்டிமீட்டர் எனில், விடை ஏறத்தாழ 42 கன சென்டிமீட்டர். அதாவது இயல்பைப் போல் ஏறக்குறைய இருமடங்கு.

சுரப்பி முட்டை வடிவினது என்று கொண்டே இக்கணக்கு எழுந்தது. ஆனால் அது ஒருபுறம் புடைத்தோ, சிறுநீர்ப்பைக்குள் நீண்டோ வளரக்கூடும். இங்கே கணிப்பொறி துணை புரிகிறது. ரொட்டியைத் துண்டுகளாக அறுப்பது போல, சுரப்பியின் குறுக்குவெட்டுப் படங்கள் வரிசையாக எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு படத்திலும் விளிம்பு வரையப்படுகிறது. துண்டுகளின் பரப்பைக் கனத்தால் பெருக்கிக் கூட்டுகிறது கணிப்பொறி. விளிம்புகளை இணைத்து முப்பரிமாண உருவமும் அமைக்கிறது. விளிம்பு பிழைபட்டால் விடையும் பிழைபடும். ஆகவே மருத்துவரின் கண் இன்றியமையாதது.

இவ்வளவு நுட்பம் எதற்கு? சுரப்பியைச் சுருக்கும் மாத்திரை பெரிய சுரப்பிக்கே நன்கு பயன்படும். அறுவை தேவையெனில், எம்முறை ஏற்றது என்பதற்கும் அளவு வழிகாட்டும். பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனையின் எண் உயர்ந்திருந்தால், அது பருத்த சுரப்பியால் மட்டும் நேர்ந்ததா, புற்றுநோயை ஐயுற வேண்டுமா என்று எடைபோடவும் அளவு உதவுகிறது. ஆயினும் அளவும் துன்பமும் எப்போதும் ஒத்துப் போவதில்லை. சிறிய சுரப்பி பெருந்தொல்லை தருவதுண்டு. பெரியது அமைதியாக இருப்பதும் உண்டு. ஆதலின் எண்ணைக் கண்டு மட்டும் அஞ்சவும் வேண்டாம், அலட்சியம் கொள்ளவும் வேண்டாம்.

சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் முற்றும் அடைபட்டாலோ காலந் தாழ்த்தாது மருத்துவமனை செல்ல வேண்டும். அடைப்பு நீடித்தால் சிறுநீரகங்களே பழுதுறும்.

மருத்துவரை மதிக்குமாறு சீராக் ஞான நூலின் 38-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. மருத்துவரின் திறமையும் ஆண்டவர் தந்ததே என்கிறது. உடல் இறைவனின் கொடை. அதன் எப்பகுதியும் வெட்கத்திற்குரியதன்று. தந்தையரே, கூச்சம் விடுங்கள். தாய்மாரே, பிள்ளைகளே, இரவில் அடிக்கடி எழும் முதியவரைக் கடிந்து கொள்ளாது, அன்போடு கேட்டறிந்து மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். அதுவும் நான்காம் கட்டளையை நிறைவேற்றுவதே.