ஆற்றில் தண்ணீர் வந்ததால் படகுப் போட்டி ரத்து! ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் எப்படி உருவானது?

1993ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் படகுப் போட்டி நடக்கவிருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் ரத்து செய்தார்கள்.

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள்! அங்குள்ள டாட் ஆறு பெரும்பாலான நாள்களில் வெறும் மணல். 1962இல் தொடங்கிய இந்தப் போட்டியில், அடிப்பாகம் இல்லாத படகைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடுவார்கள். தண்ணீர் வந்தா எப்படி ஓடுறது?

தெற்கே அடிலெய்டு சுமார் 1,500 கிலோமீட்டர். வடக்கே டார்வினும் கிட்டத்தட்ட அதே தூரம். சுற்றிலும் செம்மண், பாறை, புதர். இப்படி ஓர் இடத்தில் ஏன் ஊர் வந்தது? பதில் ஒரு தந்திக் கம்பியில் இருக்கிறது. அந்தக் கம்பியின் பாதையில் நம் சிங்கப்பூரும் உண்டு.

கம்பி வந்த கதை

அப்போதெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு ஒரு செய்தி போக வேண்டும் என்றால் கப்பல்தான். பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.

1871ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கடலடித் தந்திக் கம்பியால் இணைந்தன. சிங்கப்பூரிலிருந்து ஜாவா, ஜாவாவிலிருந்து டார்வின் என்று கம்பி நீண்டது. மிச்சம் இருந்தது ஆஸ்திரேலியாவின் குறுக்கே இருந்த பாலைவனம்தான்.

அந்தப் பணியைப் பொறுப்பேற்று நடத்தியவர் சார்ல்ஸ் டாட். சுமார் 3,200 கிலோமீட்டர் தூரம். ஏறக்குறைய 36,000 கம்பங்கள். இரண்டே ஆண்டுகளுக்குள் முடித்துவிட்டார்கள். 1872 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரு முனைகளும் இணைந்தன. (மரக் கம்பங்களைக் கறையான் தின்றதால், பிறகு இரும்புக் கம்பங்களை நட வேண்டியிருந்தது தனிக் கதை!)

ஆனால் ஒரு சிக்கல். சில நூறு கிலோமீட்டர் போனாலே கம்பியில் வரும் சமிக்ஞை வலுவிழந்துவிடும். அதனால் வழிநெடுக நிலையங்கள் தேவைப்பட்டன. ஒருவர் உட்கார்ந்து "டக் டக்" ஒலியைக் கேட்டு எழுதிக்கொள்வார். அதையே அடுத்த நிலையத்துக்குத் திரும்பத் தட்டி அனுப்புவார். பகலும் இரவும் இதே வேலை.

ஆள் இருக்க வேண்டும் என்றால் தண்ணீர் வேண்டுமே? 1871 மார்ச் மாதம் வில்லியம் மில்ஸ் என்ற நில அளவையாளர், ஆற்றுப் படுகையில் ஒரு நீர்நிலையைப் பார்த்தார். டாட்டின் மனைவி ஆலிஸின் பெயரை அதற்கு வைத்தார். 'ஸ்பிரிங்ஸ்' என்றால் ஊற்று. உண்மையில் அது ஊற்றே இல்லை! மணலுக்கு அடியில் கருங்கல் பாறை. மழைநீர் கீழே இறங்க முடியாமல் அங்கே தேங்கி நின்றது, அவ்வளவுதான்.

தந்தி நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே 1888இல் ஊர் உருவானது. அதற்குப் பெயர் ஸ்டுவர்ட். ஊருக்கு ஒரு பெயர், தந்தி நிலையத்துக்கு வேறு பெயர் என்று குழப்பம் நீடித்தது. 1933இல்தான் ஊரும் அதிகாரபூர்வமாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆனது.

ரயில் வந்தது 1929இல். அதுவரை அரிசி, மாவு, இரும்பு எல்லாம் ஒட்டகத்தின் முதுகில்தான் வந்தன. ஒட்டகம் ஓட்டியவர்களைப் பொதுவாக 'ஆப்கானியர்' என்றார்கள். ஆனால் இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். இன்று அடிலெய்டுக்கும் டார்வினுக்கும் இடையே ஓடும் 'தி கான்' ரயில் அவர்களின் நினைவைச் சுமக்கும் பெயர்.

அப்படியென்றால், அது யாருடைய ஊர்?

மில்ஸ் 'கண்டுபிடித்தார்' என்று சொல்வது கொஞ்சம் இடிக்கிறது. அரண்டா பழங்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ம்பான்ட்வா.

ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளை உருவாக்கியவை கம்பளிப்பூச்சி வடிவில் வந்த மூதாதையர் என்பது அவர்களின் நம்பிக்கை. அதாவது அவர்களின் மரபுடைமையை அரும்பொருளகத்தில் எடுத்து வைக்க முடியாது. குன்றுதான் மரபுடைமை. 1980களில் சாலை போடுவதற்காக, கம்பளிப்பூச்சியின் வால் என்று கருதப்பட்ட பாறை முகட்டை வெட்டினார்கள். உள்ளூர்வாசிகள் அந்தச் சாலைக்கு வைத்த பெயர் 'வாக்கு மீறிய சாலை'.

தந்தி நிலையத்துக்கும் இன்னொரு முகம் உண்டு. 1932இல் தந்தி வேலை அங்கே நின்றது. அதன்பின் 1942 வரை அந்தக் கட்டடங்கள் 'பங்களோ' என்ற விடுதியாக இருந்தன. பழங்குடித் தாய்க்கும் வெள்ளைக்காரத் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அங்கே வைத்தார்கள். இன்று பயணிகள் அங்கே புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நீங்கள் போனால் தந்திக் கருவியோடு இந்தக் கதையையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம், ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் சில பகுதிகளில் அரண்டா மக்களுக்குப் பூர்வீக நில உரிமை உண்டு என்று அங்கீகரித்தது. ஊர் முழுவதற்கும் அல்ல. பூங்காக்கள், அரசாங்கத்தின் காலி நிலங்கள் போன்றவற்றுக்குத்தான். ஏற்கெனவே விற்கப்பட்ட வீட்டுமனைகள் அதில் சேரவில்லை.