ஒரே ஒருமுறை பூக்கும் தாளிப்பனை

"ஏப்பா, இதுல என்ன வருமானம் வரும்?" பொள்ளாச்சியில் எங்கள் தோப்பு ஓரத்தில் நான் குழி எடுத்தபோது மகன் கேட்டான். பணமா ஒண்ணும் வராதுதான். ஆனாலும் தாளிப்பனையை நட்டேன்.

குடைப்பனை என்றும் இதைச் சொல்வார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மரம். ஒரு ஓலையே 16 அடி அகலம் வரை விரியும். சுவடி எழுதவும் குடை செய்யவும் கூரை வேயவும் உதவியது. 30 முதல் 80 வயதுக்குள் உச்சியில் ஒரே ஒருமுறை பூக்கும். காய் பழுக்க ஓராண்டு ஆகும். அதோடு மரம் பட்டுப்போகும். பக்கக்கன்றும் விடாது. விதையை விட்டால் வேறு வழியில்லை.

இதற்கு நெருங்கிய உறவான ஒரு பனை வங்காளத்தில் உண்டு. கோரிஃபா தலியேரா என்று பெயர். 1979இல் சாந்திநிகேதன் பக்கம் பூத்த மரத்தை, பேய்ப்பனை என்று பயந்து, காய்க்கும் முன்பே ஊர்க்காரர்கள் வெட்டிவிட்டார்கள். காட்டில் இருந்ததாகத் தெரிந்த கடைசி மரம் அது. டாக்கா பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற இன்னொரு மரம் 2008இல் பூத்தது. அதைக் காய்க்க விட்டு, விதையை முளைக்க வைத்துக் கன்றுகளாக்கினார்கள். இனம் பிழைத்தது.

பாலக்காட்டில் உறவினர் வீட்டு மரம் காய்த்தபோது பத்து விதை கொண்டுவந்தேன். சதையை நீக்கி, ஊறவைத்து, சின்ன பாலித்தீன் பையில் போட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். பனங்கொட்டை மாதிரியே இதுவும் முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அப்புறம்தான் குருத்து விடும். முளை பையின் அடியில் முட்டிச் சுருண்டு ஏழு கன்று போச்சு. மிச்சம் மூன்றைக் குழிக்கு மாற்றினேன், ஒன்றுதான் தப்பியது.

அதனால் விதையை நிலத்திலேயே ஊன்றுங்கள். இல்லையென்றால் நல்ல ஆழமான பை வேண்டும். முளைக்க மாதக்கணக்கில் ஆகும், கிளறிப் பார்க்காதீர்கள். சிறு வயதில் லேசான நிழலும் மூடாக்கும் கோடைத் தண்ணீரும் போதும். நீர் தேங்கக் கூடாது. வீடு, கிணறு, மின்கம்பியிலிருந்து 30 அடியாவது தள்ளி நடுங்கள். மட்டை ஓரம் முள்ளாக இருக்கும்; பிள்ளைகள் விளையாடும் இடம் வேண்டாம்.

இது பூப்பதை நான் பார்க்கமாட்டேன். மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: "பூத்தா பயந்து வெட்டிராதே. காய் பழுத்து விழற வரைக்கும் விடு. விழுந்ததைப் பொறுக்கி, கேக்கறவங்களுக்கெல்லாம் குடு."