மஞ்சள் கடுதாசி வந்த பிறகு

"அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்" என்று ஒருவரைப் பற்றி நம் ஊர்களில் சொல்லிவிட்டால், அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. கடன் கொடுத்தவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான் என்பது பொது அபிப்பிராயம். கடிதம் எந்த நிறத் தாளில் வந்தாலும் அதன் பெயர் மஞ்சள்தான். நம் கூட்டுறவுச் சங்கங்களிலும் இவ்வெண்ணமே குடிகொண்டிருக்கிறது. அங்கத்தினர் ஒருவர் இன்சால்வென்சி மனுக் கொடுத்திருப்பதாக நீதிமன்றத்திலிருந்து நோட்டீசு வந்தவுடன், காரியதரிசி அதனைப் படித்துப் பெருமூச்செறிந்து, வாராக்கடன் கோப்பிலே சேர்த்துக் கட்டிவிடுகிறார். விசாரணைத் தேதி வருகிறது, போகிறது. சங்கத்தின் சார்பில் ஒருவரும் செல்வதில்லை.

இத்தவற்றை நாமும் செய்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், மஞ்சள் பயிரிடுவோர் மிகுந்த ஒரு பகுதியில், அங்கத்தினர் ஒருவர் கொடுத்த மனுவின் மீது, "வசூலாகும் வாய்ப்பு இல்லை" என்று நாமே குறிப்பெழுதினோம். அவர் மனுக் கொடுப்பதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னர், கிணற்றோடு கூடிய ஒன்றரை ஏக்கரை மைத்துனருக்குத் தானமாக எழுதி வைத்திருந்தார். ஊரில் அனைவருக்கும் இது தெரியும். நீதிமன்றத்துக்கு மட்டும் தெரியாது. ஏனெனில் சொல்வதற்கு யாரும் போகவில்லை. மனுவுக்கு முந்திய இரண்டு ஆண்டுகளுக்குள் தக்க பிரதியின்றி நல்லெண்ணமும் இல்லாமல் செய்த சொத்து மாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்று 1920-ஆம் ஆண்டு மாகாண இன்சால்வென்சி சட்டத்தின் 53-ஆம் பிரிவு கூறுகிறது. அப்பிரிவை நாம் படித்தறிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கடனுக்கு ஜாமீன் நின்ற இருவர், ஒருவர் எருமைகளை விற்றும் மற்றவர் மனைவியின் வளையல்களை விற்றும், சங்கத்துக்குப் பணம் கட்டினார்கள். அவ்விருவருக்கும் நாம் பட்ட கடன் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

மாவட்டங்களில் தனி மனிதரின் நொடிப்பை இன்றும் இந்த 1920-ஆம் ஆண்டுச் சட்டமே ஆள்கிறது. சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியே உண்டு. 2016-இல் புதிய நொடிப்புச் சட்டம் வந்ததே என்று சிலர் கேட்கக்கூடும். அதில் தனி மனிதரைப் பற்றிய பகுதி, கம்பெனிகளின் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. நம் நெசவாளரும் விவசாயியும் பழைய சட்டத்தின்கீழேயே நிற்கிறார்கள்.

அப்பழைய சட்டத்தின் 24-ஆம் பிரிவை நம் சங்கங்கள் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். விசாரணை நாளில் நீதிமன்றம் கடனாளியை, அவருடைய நடத்தை, கொடுக்கல் வாங்கல், சொத்து ஆகியவை பற்றி, வந்திருக்கும் கடன் கொடுத்தவர்களின் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். அவர்களுக்கும் கடனாளியைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அமெரிக்க நாட்டிலும் இத்தகைய கூட்டம் ஒன்று நடக்கிறது. ஆனால் அங்கே அதனை நடத்துபவர் சொத்துக்களைக் கவனிக்கும் டிரஸ்டி. நீதிபதி அக்கூட்டத்தில் கலந்துகொள்ளவே கூடாதென்று அந்நாட்டுச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. நம்மிடத்திலோ நீதிபதியின் முன்னிலையிலேயே கேள்வியும் பதிலும் நடைபெறுகின்றன. இதனைச் சங்கங்கள் பயன்படுத்திக்கொள்ளாதது வியப்பாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்குமுன் நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு இத்தகைய நோட்டீசு வந்தபோது, பழைய தவறு நினைவில் உறுத்த, காரியதரிசியையும் அழைத்துக்கொண்டு நாம் சார்பு நீதிமன்றத்துக்குச் சென்றோம். மனுதாரர் ஐம்பது வயதைக் கடந்த கைத்தறி நெசவாளர். இருபதாண்டுகளாகச் சங்கத்தின் அங்கத்தினர். மனைவியோடும் மகனோடும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர், எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார், முகத்தை நிமிர்த்தவில்லை. சற்றுத் தள்ளி, அவருக்கு ஜாமீன் போட்ட இரண்டு நெசவாளர்கள் நின்றார்கள். அன்று கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். "எங்க கையெழுத்துக்கு என்ன ஆகுமுங்க?" என்பதொன்றே அவர்கள் கேட்டது. கடனாளி விடுதலை பெற்றாலும் அவருக்கு ஜாமீன் நின்றவர் விடுதலையாவதில்லை என்று 44-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதனை அவர்களிடம் மறைக்க நமக்கு மனம் வரவில்லை. கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றார்கள்.

பிற்பகலில்தான் மனு அழைக்கப்பட்டது. நூல் வியாபாரி வக்கீலுடன் வந்திருந்தார். வட்டிக்குக் கொடுத்தவர் தாமே வந்திருந்தார். கைமாற்றாகக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கடைசி பெஞ்சியில் ஒதுங்கியிருந்தார். சீட்டு நடத்தியவரும் மற்றுஞ் சிலரும் வரவேயில்லை. கடன் எவ்வாறு ஏறியது என்று நீதிபதி கேட்டார். மனைவிக்கு நடந்த அறுவை சிகிச்சையைச் சொன்னார்; 2018-இல் நடந்த மகள் கல்யாணத்தைச் சொன்னார்; 2020-இல் ஊரடங்கின்போது தறி நின்றுபோன மாதங்களைச் சொன்னார். அதன்பின் ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றில் பென்சிலால் எழுதிய வரவு செலவை நீட்டினார். அந்த நோட்டுப் புத்தகம் அவருக்குப் பெரிதும் உதவிற்று. கணக்கே வைக்காதவர் பிற்பாடு விடுதலை கோரும்போது, அதனையே ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது.

வட்டிக்காரர் எழுந்து, "மகளுக்கு இருபது பவுன் போட்டாயே, அது எங்கே?" என்றார். மரியாதையாகக் கேட்கும்படி நீதிபதி அவரைத் திருத்தினார். பன்னிரண்டு பவுன் தாம் போட்டதென்றும், எட்டுப் பவுன் தாய்மாமன் சீரென்றும் நெசவாளர் பதில் சொன்னார். "தறியையாவது விற்கச் சொல்லுங்கள்" என்று அடுத்த கேள்வி வந்தது. தொழிலாளியின் தொழிற்கருவியை ஜப்தி செய்யச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இடந்தருவதில்லை. அவ்வாறு ஜப்திக்கு அடங்காத பொருள் இன்சால்வென்சியிலும் ரிசீவர் வசம் போகாது. நெசவாளரின் தறி, அவரது வீட்டுச் சமையல் பாத்திரம், படுக்கை, மனைவியின் தாலி, விவசாயியின் உழவு மாடு, ஏர், விதைத் தானியம் இவையெல்லாம் இந்தப் பாதுகாப்புக்குள் அடங்கும். மஞ்சள் கடுதாசி கொடுத்தால் தறியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அஞ்சி, இரவோடிரவாகத் தறியைக் கழற்றி உறவினர் வீட்டில் போடுகிறவர்களை நாம் அறிவோம். மறைக்கத் தேவையில்லாத பொருளை மறைத்து, மறைத்தவர் என்ற பழியை வீணே தேடிக்கொள்கிறார்கள்.

சங்கத்தின் முறை வந்தது. காரியதரிசி ஒரே கேள்விதான் கேட்டார்: சங்கத்தில் வாங்கிய நூலில் நெய்த பதினான்கு சேலைகள் எங்கே? அச்சேலைகளின் மீது சங்கத்துக்கு முன்னுரிமை உண்டு. நெசவாளர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வித்துட்டேன் ஐயா. தீபாவளிக்கு முன்னால வட்டி கட்டறதுக்காக வெளியில வித்துட்டேன். சங்கத்துக்கு நான் செஞ்சது தப்பு" என்றார். வட்டி யாருக்கு என்று நீதிபதி கேட்டார். அவர் கை காட்டிய இடத்தில் வட்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். புரோநோட்டில் 2,00,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. கையில் வாங்கியது 90,000-தான் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. தமிழ்நாட்டில் கந்து வட்டியைத் தடுக்கும் சட்டம் 2003-லேயே வந்திருக்கிறது என்பதை வக்கீல் ஒருவர் மெல்லிய குரலில் நினைவூட்டினார். சேலைகளைப் பற்றிச் சங்கம் கேட்டிராவிட்டால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

பின்னர் வந்த வாய்தாக்களை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவர் நொடித்தவர் என அறிவிக்கப்பட்டார். கடன்கள் ஒவ்வொன்றாக நிரூபிக்கப்பட்டன. வட்டிக்காரருக்கு 90,000 மட்டுமே ஒப்புக்கொள்ளப்பட்டது. நூல் வியாபாரிக்கு 1,70,000, சங்கத்துக்கு 90,000, பக்கத்து வீட்டுக்காரருக்கு 30,000. ஆக 3,80,000 ரூபாய். மற்றவர்கள் கடனை நிரூபிக்க முன்வரவில்லை. வங்கியில் நகையீட்டின் பேரில் இருந்த கடன், ஈட்டுக் கடனாகையால், இதில் சேரவில்லை.

அதன்பின் 38-ஆம் பிரிவின்படி நெசவாளர் ஒரு சமரசத் திட்டம் கொடுத்தார். ரூபாய்க்கு எட்டணா வீதம் மொத்தம் 1,90,000. தாமும் மகனும் நெய்து மாதம் 5,000-ஆக 38 மாதங்களில் கட்டுவது. மகன் அதற்குப் பொறுப்பு. இத்தகைய திட்டம் ஏற்கப்பட, கடனை நிரூபித்து நேரிலோ வக்கீல் மூலமோ வந்திருப்பவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையோரும், தொகையில் நான்கில் மூன்று பங்கு உடையோரும் இசைய வேண்டும். வராதவர் எண்ணப்படுவதில்லை. வட்டிக்காரர் மறுத்தார்; மற்ற மூவரும் இசைந்தனர். மூவரின் தொகை 2,90,000, வேண்டியது 2,85,000. ஐயாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் திட்டம் நிறைவேறிற்று. சங்கம் அன்று போகாதிருந்தால், வந்திருப்போர் தொகை 2,90,000-ஆகக் குறைந்து, வேண்டியது 2,17,500 ஆகியிருக்கும். இசைந்தவர்களிடமோ 2,00,000-தான் இருந்திருக்கும். காரியதரிசி இக்கணக்கை நோட்டீசின் பின்புறத்தில் இருமுறை போட்டுப் பார்த்துக்கொண்டதை நாம் பக்கத்திலிருந்து கண்டோம். பின்னர் நீதிமன்றமும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

இதற்கு முந்திய வாரமே நிர்வாக சபையைக் கூட்டித் தீர்மானம் எழுதி வாங்கியிருந்தோம். தீர்மானமும் அதிகாரக் கடிதமும் இல்லாமல் செல்லும் காரியதரிசி அங்கே வெறும் பார்வையாளரே. இன்னொன்றையும் சபையில் விளக்கினோம்: அங்கத்தினரின் பங்குத்தொகையை ரிசீவர் கேட்கக் கூடாதென்பது 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலிருந்தே வரும் மரபு, சங்கம் அதனைத் தன் பாக்கிக்கு ஈடுசெய்துகொள்ளலாம். ரிசீவர் கேட்பாரோ என்று பயந்து பங்குத்தொகையை அவசரமாக அங்கத்தினரிடமே திருப்பிக் கொடுத்துவிட்ட சங்கம் ஒன்றையும் நாம் பார்த்திருக்கிறோம்.

திட்டப்படி சங்கத்துக்கு வரக்கூடியது 45,000. மீதி 45,000-க்கு ஜாமீன்தாரர் இருவரும் பொறுப்பு. தள்ளுபடி செய்யச் சங்கத்துக்குத் தானாக அதிகாரமில்லை. பங்குத்தொகையைக் கழித்துக்கொண்டு, எஞ்சியதை இருவரும் கூலியிலிருந்து சிறு தவணைகளாகக் கட்டிவர சபை இடங்கொடுத்தது.

நாம் அப்பகுதியை விட்டு மாற்றலாகி வரும்போது பதினொரு தவணைகள் கட்டப்பட்டிருந்தன; ஆடி மாதத்துத் தவணை மட்டும் பத்து நாள் தாமதம். ஜாமீன்தாரர்களில் ஒருவர் அந்த நெசவாளருக்குப் பாவு ஓட்ட இன்னும் கைகொடுத்து வருகிறார். மற்றவர் தம் தவணையைத் தவறாமல் கட்டுகிறார். ஆனால் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் திரும்பி நடந்துவிடுகிறாராம். இதனைக் காரியதரிசி எமக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டு, அடுத்த மகாசபையில் இருவரையும் அருகருகே உட்கார வைக்கப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார்.