பெண்ணுக்கு ஹெலிகாப்டர் பார்த்தோம்!

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். நாங்கள் போன சித்திரையில் ஹெலிகாப்டர் பார்த்தோம்! சிரிக்காதீர்கள் சகோதரிகளே, மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டோம்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாளே என் மகள், "அம்மா, நான் ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்கப் போறேன்" என்றாள். வினை நான் விதைத்ததுதான். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் கடற்கரைக்கு நிவாரணம் கொண்டு போன ஹெலிகாப்டர்களைப் பற்றி அவளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் கதை கதையாகச் சொன்னவள் நான்.

வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளிகள் இரண்டிலிருந்து விவரம் வரவழைத்தோம். எதற்குப் பணம் கட்டுவதென்றாலும் குத்தாலம் பக்கம் மாமனார் விட்டுப் போன ஆறு மா நிலத்தை விற்றாக வேண்டும். முதல் பள்ளியில் மணிக்கட்டணம் குறைவு. "இதையே முடிச்சிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை. மிக்ஸி வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான். ஆறு மா நிலத்தைக் கொடுத்து எந்த மிஷினில் பெண்ணை ஏற்றப் போகிறோம் என்று தெரிய வேண்டாமா?

எதிர்வீட்டு மாமா கடற்படையில் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பியோடு போய் உட்கார்ந்தேன்.

"ஹெலிகாப்டர் இன்ஜின் நடுவானத்துல நின்னா என்ன ஆகும், சொல்லு பார்ப்போம்?" என்றார்.

"கல்லு மாதிரி விழும்."

"விழாதும்மா. குழந்தைங்க ஓலைக் காத்தாடியைப் பிடிச்சுக்கிட்டு ஓடுதே, மோட்டாரா சுத்துது? எதிர்க்காத்துதானே! இறங்குற ஹெலிகாப்டருக்குக் காத்து கீழேருந்து வருது. பைலட் இடது கை நெம்புகோலைச் சட்டுன்னு இறக்கிட்டா அந்தக் காத்தே இறக்கையைச் சுத்த வைக்கும். பத்திரமா தரையிறக்கிடலாம். பயிற்சியிலேயே முக்கியமான பாடம் அதுதான்."

அந்த "சட்டுன்னு" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. கரண்ட் போனால் கனமான சீலிங் ஃபேன் நெடுநேரம் சுற்றுகிறது. சின்ன டேபிள் ஃபேன் உடனே நின்றுவிடுகிறது இல்லையா? மலிவான பள்ளியில் இருந்தது ராபின்சன் ஆர்-22. இரண்டே ஆசனம், இரண்டே இறக்கை. அந்த இறக்கைகளும் லேசானவை. இன்ஜின் நின்றால் ஒன்றிரண்டு விநாடிக்குள் கை வேலை செய்தாக வேண்டும். ஃபிராங்க் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1973-ல் தன் வீட்டிலேயே கம்பெனி ஆரம்பித்து உருவாக்கியது அது. சொந்த உபயோகத்துக்கென்று அவர் செய்ததை, விலை மலிவு என்பதால் பள்ளிகள் வாங்கிப் போட்டன. விபத்துகள் நடந்த பிறகு 1995-ல் அமெரிக்க அரசு, ஆர்-22, ஆர்-44 ஓட்டுகிறவர்களுக்குத் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. "மோசமான மிஷின் இல்லே. ஆயிரக்கணக்கான பேர் அதுல கத்துக்கிட்டிருக்காங்க. ஆனா வாத்தியார் கெட்டிக்காரரா இருக்கணும்" என்றார் மாமா.

இரண்டாவது பள்ளியில் பிரெஞ்சுக்காரர்களின் காப்ரி ஜி-2. 2007-ல் சான்றிதழ் பெற்றது. மூன்று இறக்கை. வால் விசிறி வெளியே நீட்டிக்கொண்டு இல்லாமல் கூட்டுக்குள் இருக்கும். தரையில் மோதினாலும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் ஆசனங்கள். கட்டணம் அதிகம்தான்.

எடைக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டினார் பாருங்கள், நான் அசந்தே போனேன்! ஆர்-22 கிளம்பும்போது மொத்தம் 622 கிலோவுக்கு மேல் கூடாது. அதன் சொந்த எடையே சுமார் 400. மிச்சத்தில் மகள் 54, வாத்தியார் 90 என்றால் பெட்ரோலுக்கு இடம் இருக்கிறது. என் கொழுந்தனார் பையன் மாதிரி நூறு கிலோ ஆசாமி போய் உட்கார்ந்தால்? பெட்ரோலைக் குறைக்க வேண்டியதுதான். கத்தரி வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் தூக்கும் சக்தியும் குறையுமாம். ஆகவே வாத்தியார் எத்தனை கிலோ என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அன்று ராத்திரியே மலிவுப் பள்ளிக்குப் போன் போட்டோம். படத்தில் மூன்று ஹெலிகாப்டர் இருந்ததே, இன்றைக்குப் பறப்பது எத்தனை? ஒன்றே ஒன்று! இன்னொன்று ஓவர்ஹாலில் இருந்தது. மூன்றாவதை விற்றே விட்டார்களாம். ஆர்-22-ஐ 2,200 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது 12 வருடத்துக்கு ஒரு முறை முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதி. பறக்கிற ஒன்றுக்கு இன்னும் எத்தனை மணி பாக்கி என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. காப்ரி பள்ளி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னது. ஆனால் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னது. "பறக்கப் பறக்கக் கட்டுறோம்னு சொல்லு. ஒத்துக்கலேன்னா விட்டுடு" என்றார் மாமா. ஒத்துக்கொள்ளவில்லை. விட்டுவிட்டோம்.

மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாமாவே வந்து அரக்கோணம் கதையைச் சொன்னார். அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தை 1992-ல் தொடங்கி வைத்தவர் நம் ராஜாமடத்துக்காரர், ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. 2024 ஜூனில் அங்கே பயிற்சி முடித்த அனாமிகா ராஜீவ்தான் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் பைலட். பட்டப்படிப்பை முடித்து, தேர்வில் ஜெயித்து அதிகாரியானால் நிலத்தை விற்க வேண்டாம், சம்பளத்தோடு படிக்கலாம். மிஷினைத் தேர்ந்தெடுக்கிற உரிமைதான் நமக்குக் கிடையாது!

"எந்த வழியில போனாலும் முதல்ல மெடிக்கல்ல தேறணும்" என்று அவர் சொன்னதால் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண், காது, நிறப் பார்வை எல்லாம் சரி. ஹீமோகுளோபின் 9.6! குறைந்தது 12 இருக்க வேண்டும். அடிக்கடி களைப்பு என்றவளை, "சோம்பேறி" என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன்! டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் முருங்கைக்கீரை, கேழ்வரகு, கூடவே நெல்லிக்காய்ப் பச்சடி என்று ஆரம்பித்தேன். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காப்பியை மட்டும் நிறுத்தினேன், இரும்புச் சத்து உடம்பில் சேராமல் அது தடுக்கும் என்பதால். அதற்குத்தான் வீட்டில் பெரிய ரகளை.

இப்போது இன்ஜினீயரிங் முதல் வருடம் படிக்கிறாள். போன வாரம் பார்த்ததில் 11.8. குத்தாலத்து ஆறு மாவிலும் சம்பா நடவு முடிந்தது. காப்ரி பள்ளியின் காகிதங்களை மகள் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள். நானும் தூக்கிப் போடச் சொல்லவில்லை.