பெட்டி மாறலாம், கதை அறக்கூடாது



"இரவு 2 மணிக்கு வைபரில் ஊருக்குக் கதைத்துக்கொண்டிருந்தேன். குரல் நின்றுபோய், கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்தது. ஏன்?" என்று நேயர் ஒருவர் கேட்டிருந்தார். வலையமைப்புத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில், அதற்குரிய காரணங்களில் ஒன்றைச் சொல்கிறேன்.

லண்டனில் லின்க்ஸ் என்ற இணையப் பரிமாற்ற நிலையம் 1994இல் ஐந்து இணையச் சேவை நிறுவனங்களால் தொடங்கப்பட்டது. இத்தகைய நிலையம் ஒரு சந்தை போன்றது. பல நிறுவனங்களின் ரூட்டர்கள் நடுவிலுள்ள சுவிட்சுகளில் இணைந்து, தமக்குள் தரவுகளைக் கைமாற்றிக்கொள்ளும். சுவிட்ச் பழையதானால் மாற்றத்தான் வேண்டும்.

ரூட்டர்கள் பி.ஜி.பி. என்ற முறையில் "நான் இருக்கிறேன்" என்று இடையிடையே ஒன்றுக்கொன்று சொல்லும். இரண்டு ரூட்டர்கள் வெவ்வேறு சுவிட்சுகளில் இருந்தால், அங்கே சுவிட்சை நிறுத்தியது இங்கே தெரியாது. இங்கே விளக்கு பச்சையாகவே எரியும். 90 விநாடி, சில ரூட்டர்களில் 180 விநாடி, பதில் வராமல் போன பிறகுதான் வேறு பாதை தேடும். அதுவரை அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

நானும் தொடக்க காலத்தில், "எல்லாம் தானாக மாறும்" என்று நம்பி வயரைப் பிடுங்கியவன்தான். மாறியது, மூன்று நிமிடம் கழித்து.

இதற்கு நல்ல வழியொன்று உண்டு. 2018 மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 8327 என்ற ஆவணம் அதை விளக்குகிறது. முதலில் ரூட்டர்களின் பி.ஜி.பி. பேச்சை, அதாவது டி.சி.பி. 179ஆம் போர்ட்டை மட்டும் மறிக்க வேண்டும். ஐ.பி.வி.4, ஐ.பி.வி.6 இரண்டிலும் மறிக்க வேண்டும். தரவு போகும் பாதை திறந்தே இருக்கும். பேச்சு நின்றதும் ரூட்டர்கள் வேறு பாதைக்கு மாறும். மாறும்வரை வருகிற தரவு பழைய பாதையால் பத்திரமாகப் போய்ச்சேரும். போக்குவரத்து வற்றியதைக் கண்ணால் கண்ட பிறகே சுவிட்சில் கை வைக்க வேண்டும். புதியதைப் பூட்டிச் சோதித்த பின் தடையை எடுத்தால், எல்லாம் பழையபடி திரும்பிவிடும்.

ஆனால் மாறிப்போக இன்னொரு பாதை இருக்க வேண்டும். லின்க்ஸுக்கு லண்டனில் இரண்டு தனித்தனி வலையமைப்புகள் உண்டு. இரண்டிலும் இணைந்த நிறுவனம், ஒன்றில் வேலை நடக்கும்போது மற்றதால் போகலாம்.

இந்த வேலைகளை நள்ளிரவுக்குப் பின் செய்வதே வழக்கம். "எல்லோரும் நித்திரை" என்பார்கள். குளிர்காலத்தில் லண்டனில் இரவு 2 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் காலை 7.30. இரவு வேலை முடித்து வந்த பிள்ளை அம்மாவோடு கதைக்கும் நேரம் அது. அந்த மூன்று நிமிடத்தை நான் இப்போது சிறிய விடயமாக நினைப்பதில்லை.

அடுத்த முறை இப்படிக் குரல் நின்றால், வீட்டு ரூட்டரை உடனே நிறுத்திப் போடாமல் மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். இத்துறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: வயரில் கை வைக்க முன், பாதை வெறுமையா என்று பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.