தட்டினால் தட்டு கிடையாது!

பாம்பைத் தொடுவதற்கு முக்கியமாக என்ன வேண்டும்? தைரியம் என்பீர்கள். இல்லை சார், சோப்பு! எலியைத் தொட்ட கையோடு போவா பாம்பின் கூண்டுக்குள் கையை விட்டால், அது உங்களை மனுஷனாக மதிக்காது. சாப்பாடாகத்தான் மதிக்கும்.

அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கும் என் மருமான் (அக்கா பையன்) சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. பகலெல்லாம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவது போதாதென்று, வீட்டில் ஏழடி நீளத்துக்கு ஒரு போவா வளர்க்கிறான். பெயர் அம்முலு! பூர்வீகம் மத்திய அமெரிக்கா. விஷம் கிடையாது, மலைப்பாம்பு மாதிரி சுற்றி இறுக்கிக் கொல்கிற ஜாதி. ஆனால் முட்டை போடாது, குட்டிதான். நம்ம ஊர் மண்ணுளிப் பாம்புக்குத் தூரத்துச் சொந்தம். (உடனே மண்ணுளியைப் பிடித்துவரக் கிளம்பிவிடாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, கம்பி எண்ண வேண்டியதுதான்!) நன்றாகப் பார்த்துக்கொண்டால் போவா 20, 30 வருஷம் இருக்கும். அதாவது, அங்கே வீட்டுக் கடன் அடைகிற வரைக்கும் கூடவே இருக்கும்.

அம்முலுவை முன்பு வைத்திருந்தவர், 'முரட்டுப் பாம்பு' என்று சொல்லித் தள்ளிவிட்டாராம். கதவைத் திறந்தால் போதும், மின்னல் மாதிரி பாய்ந்திருக்கிறது. மருமான் மனைவிக்குக் கையில் எட்டு மாசக் குழந்தை. "மூணு மாசம் டயம் தரேன். அதுக்குள்ள அடங்கலேன்னா வேற இடம் பாத்து அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தானே?

"முரடும் இல்லே, கோபமும் இல்லே மாமா. இது சாப்பாட்டு வேகம்!" என்றான் மருமான்.

யோசித்தால் சரியாகத்தான் படுகிறது. சாப்பாடு போட மட்டுமே கதவைத் திறந்தால், திறக்கிற ஒவ்வொரு தடவையும் சாப்பாடு என்றுதானே அது நினைக்கும்? மத்தியானம் பெல் அடித்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லையா! போவா நாக்கை நீட்டி வாசனை பிடிக்கும். முகத்துச் செதில்களால் உஷ்ணத்தையும் உணரும். எலி வாசனை அடிக்கும்போது சூடாக ஒன்று அசைந்தால்... முதலில் பிடி, அப்புறம் யோசி!

இதை மாற்ற மருமான் வாங்கியது ஒரே ஒரு கொக்கி. நீளக் கம்பி, முனையில் வளைவு, அவ்வளவுதான். கூண்டைத் திறந்ததும் கையை விடுவதில்லை. கொக்கியால் அம்முலுவின் உடம்பில் லேசாக ஒரு தட்டு, கொஞ்சம் தடவல். பிறகு பொறுமையாகப் பார்க்கிறான். தலை நிமிர்ந்து, கழுத்து 'எஸ்' மாதிரி வளைந்தால் பாய ரெடி என்று அர்த்தம்; கதவைச் சாத்திவிடுகிறான். நாக்கு நிதானமாக வந்து போய், உடம்பு தளர்ந்தால், நடு உடம்பைக் கொக்கியால் தூக்கி, மறு கையால் தாங்கி வெளியே எடுக்கிறான்.

தட்டினால் சாப்பாடு இல்லை. சாப்பாட்டு நாளில் தட்டுவதே இல்லை. இந்த விதியை மனுஷன் ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டும். பாம்புக்குப் பயிற்சி என்று பெயர். பாதிப் பயிற்சி வளர்க்கிறவனுக்குத்தான்!

"அது உன்னைத் தெரிஞ்சு வெச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"பாசமெல்லாம் கிடையாது மாமா. இது சாப்பாடு, இது சாப்பாடு இல்லே... இந்த ரெண்டும் புரிஞ்சா எனக்குப் போதும்."

சாப்பாடு, உறைந்த எலி. அங்கே கடையில் பாக்கெட்டில் விற்கிறார்கள். ("என் ஐஸ்க்ரீம் பக்கத்துல எலியா?" என்று மனைவி போட்ட சத்தத்தில் தனியாகச் சின்ன ஃப்ரீஸர் வந்தது.) உருகவைத்து, வெதுவெதுப்பாக்கி, நீள இடுக்கியில் பிடித்து நீட்டுகிறான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். தின்ற பிறகு இரண்டு நாள் தொடக்கூடாது, தொட்டால் கக்கிவிடும். தனித் தொட்டிக்கு மாற்றித் தீனி போடச் சொல்பவர்களும் உண்டு. பசி வேகம் அடங்காத பாம்பைத் தூக்கித் திரும்பக் கொண்டுவருவதுதான் ஆபத்து என்பது மருமான் கட்சி. நானும் அதே கட்சி.

கடித்தால்? பயத்தில் கடித்தால் உடனே விட்டுவிடும். சாப்பாடென்று கடித்தால் விடாது, சுற்றிக்கொள்ளும். பற்கள் உள்பக்கம் வளைந்தவை. இழுத்தால் நம் சதைதான் கிழியும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வால் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

மூச்சுமுட்டித்தான் இரை சாகிறது என்று ரொம்ப நாள் நம்பினார்கள். டிக்கின்ஸன் கல்லூரியின் ஸ்காட் போபேக் குழு 2015-ல் வேறு விதமாகக் காட்டியது: இறுக்கிய சில விநாடிகளிலேயே ரத்த ஓட்டம் தடைப்படுகிறது! இரையின் இதயத் துடிப்பை உணர்ந்து, அதற்கேற்பத்தான் போவா இறுக்குகிறது என்று 2012-லேயே அவர்கள் சொல்லியிருந்தார்கள். இதைக் கேட்ட பிறகு, மருமான் மனைவி கறாராக இருந்ததில் எனக்குத் தப்பே தெரியவில்லை.

கெடு முடிந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். கதவு திறந்தது. ஒரு தட்டு. அம்முலு தலையைத் தாழ்த்தி, நாக்கை இரண்டு தரம் நீட்டிவிட்டு, சாவகாசமாக மருமான் கையில் ஏறியது. குழந்தை அடுத்த அறையில், கதவு சாத்தி.

"சரி, இருக்கட்டும்" என்றாள் மருமான் மனைவி. "ஆனா ரெண்டு பெரியவங்க இல்லாம திறக்கக் கூடாது. கூண்டுச் சாவி என்கிட்டதான் இருக்கும்!"